நம் மடிக்கணினி நம் கையில்

மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கும் சின்னராஜுக்கு அரசாங்கத்தின் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. இரும்பு உருப்படிகளுக்குப் பிசிறு தட்டும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் பார்க்கிற மனிதருக்குக் கோபப்பட நேரம் ஏது? ரேஷன் கடையில் கைரேகை விழாவிட்டால் விரலைச் சட்டையில் தேய்த்துவிட்டு மறுபடி வைப்பார். அப்போதும் விழாவிட்டால், தப்பு தன் விரல் மேல்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் அரசாங்கம் ஒரு மடிக்கணினியாக வந்து உட்கார்ந்தது.

மேற்கு எல்லைக் கல்வி வட்டம் என்றொரு அலுவலகம். இந்தப் பெயரைத் தேடிக்கொண்டு யாரும் ஓசூருக்கு பஸ் ஏற வேண்டாம், கிடைக்காது. அந்த அலுவலகம், பிளஸ் டூவில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தது. பெரிய பொறியியல் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கான பாடங்களும் மாதிரித் தேர்வுகளும் அதற்குள்ளேயே இருந்தன. ஒரு பிள்ளையின் கணக்கு அந்தப் பிள்ளையின் கணினியில் மட்டும்தான் திறக்கும். மாதிரித் தேர்வுகளை எழுதி முடித்தவர்களை அலுவலகமே வண்டி வைத்து உண்மைத் தேர்வுக்குக் கூட்டிப்போகும். தேறிவிட்டால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம்.

சின்னராஜின் மகள் பிரவீனாவுக்கும் ஒன்று கிடைத்தது. அவர்கள் லைன் வீட்டுப் பக்கம் செல்போன் செய்யும் கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் அடிக்கடி வந்து போவான். "பிளஸ் டூ முடிச்சதும் பொண்ண அனுப்பி வைங்கண்ணா, பஸ்சு வாசலுக்கே வரும்" என்பான். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்ப்பது என்னவென்று சின்னராஜின் முழங்காலுக்குத் தெரியும். மடிக்கணினி வந்த பிறகு அவனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "எங்க பாப்பா காலேஜுக்குப் போவுது. நீ அடுத்த வூட்டப் பாரு."

ஆடி முடிவதற்குள் மடிக்கணினிக்கு நோய் வந்தது. சார்ஜர் சொருகும் துளை லொடலொடத்துப் போய், ஒயரை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும் என்று ஆனது. வீட்டில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தார்கள். பிரவீனாவின் அம்மா பூவம்மாள் ஒரு கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குழம்பு கிளறினாள். ஒருநாள் எந்தப் பக்கம் பிடித்தும் ஏறவில்லை.

சின்னராஜ் அதைப் பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் அக்பர் பாஷா கடைக்குத் தூக்கிப்போனார். பாஷா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்து ஸ்க்ரூவின் மேல், 'வெளியாட்கள் திறப்பது தண்டனைக்குரியது' என்று முத்திரையோடு ஒரு ஸ்டிக்கர். தொட்டால் சுடும் என்பதுபோல மேசையில் வைத்துவிட்டார்.

"சின்ன வேலதாண்ணா. ஆனா நான் தொடமாட்டன். இந்த ஸ்டிக்கரக் கிழிச்சதுக்கு எங்க மச்சானுக்கு நோட்டீஸ் வந்துடுச்சி. நீங்க ஸ்கூல்லயே கேளுங்க."

பள்ளியில் கேட்டார். தலைமையாசிரியை கல்வி வட்டத்தைக் கை காட்டினார். அங்கே, மடிக்கணினிகளை இனி வெளியே கொடுக்காமல் அலுவலகத்திலேயே பழுது நீக்கும் மையம் ஒன்று திறக்கப் போகிறார்களாம். பெயர், 'நம் மடிக்கணினி நம் கையில்'. திறப்பு விழாவுக்குப் பழுதான கணினி ஒன்று தேவைப்பட்டது. சின்னராஜ் அந்த நேரத்தில் பையோடு உள்ளே நுழைந்ததால், அவர் கொண்டுவந்ததே மையத்தின் முதல் கணினி என்று அறிவிக்கப்பட்டது. பெருமையாகத்தான் இருந்தது அவருக்கு. அன்று சாயங்காலம் போண்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திறப்பு விழாவைச் சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் வைத்தார்கள். ஆயுத பூஜையும் ஆச்சு, திறப்பு விழாவும் ஆச்சு, ஒரே பொரி, ஒரே மாலை. புதிதாக வாங்கிய ஸ்க்ரூ டிரைவர்கள், இடுக்கி, பற்றவைக்கும் கம்பி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் பரப்பி வைத்தார்கள். நடுவில் பிரவீனாவின் மடிக்கணினி. கல்வி வட்ட அலுவலர் அழகர்சாமி தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். மடிக்கணினியிடம் வந்ததும், "இதுக்கு எந்த இடத்துல கோளாறு?" என்று கேட்டார். சின்னராஜ் காட்டினார். அலுவலர் சந்தனத்தை நன்றாகக் குழைத்து, அந்தத் துளையிலேயே அப்பினார்.

பிறகு பேசினார்.

"வெளியே கடையில் கொடுத்தால் என்ன ஆகும்? சரியாகிவிடும். அவ்வளவுதான்! அதில் நம் துறைக்கு என்ன பெருமை? கடைக்காரனுக்குத்தான் பெருமை. நம் பொருளை நாமே பழுதாக்கிக்கொள்கிறோம், நாமே பழுது பார்க்கக் கூடாதா? எத்தனை காலம் ஆனாலும் இங்கேதான் சரிசெய்வோம். காலம் முக்கியமல்ல, கொள்கைதான் முக்கியம்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. சின்னராஜும் தட்டினார்.

விடுமுறையெல்லாம் முடிந்து அலுவலகம் திறந்த அன்று, அழகர்சாமிக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது; தெற்குப் பக்கம் போய்விட்டார். கருவிகள் பூஜையிலேயே இருந்தன.

சின்னராஜ் ஷிப்டை மாற்றிக்கொண்டு விசாரிக்கப் போனார். கேட்டில் இருந்த காவலாளிக்கு, நாளை வரச் சொல்வதற்கு மூன்று மொழிகள் தெரியும். "நாளைக்கு வாங்க" என்பார் தமிழருக்கு. "நாளே பன்னி" என்பார் கன்னடக்காரருக்கு. தெலுங்குக்காரருக்கு "ரேப்பு ரண்டி". சின்னராஜ் அடிக்கடி போனதால், மூன்றும் அவருக்கு மாறி மாறிக் கிடைத்தன. ஒருநாள் காவலாளி டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

சாமி படத்தின் மாலை சருகாகியிருந்தது. பொரியை எறும்பு தின்று தீர்த்திருந்தது. அந்தப் பக்கம் போகிற குமாஸ்தாக்கள் ஸ்க்ரூ டிரைவர்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

"சார், இத எடுத்து வேலைய ஆரம்பிக்கலாமில்லிங்களா?" என்று கண்காணிப்பாளரைக் கேட்டார் சின்னராஜ். "எங்க கம்பெனியில பூஜை முடிஞ்ச மறுநாளே ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்துட்டு மெஷின ஓட்டிடுவோம்."

கண்காணிப்பாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கம்பெனி வேற, ஆபீஸ் வேறங்க. பூஜையில வச்சவரு கையாலதான் எடுக்கணும். அவரு இப்ப வேற மாவட்டம். அதுவுமில்லாம, இதெல்லாம் அவரு உத்தரவுல வாங்கின சாமான். நாம கைய வச்சா நம்ம பொறுப்புக்கு வந்துடும். தெய்வமும் தணிக்கையும் ஒன்னுங்க. ரெண்டையும் சீண்டக் கூடாது."

சின்னராஜ் தானும் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வீட்டில் பிரவீனா, தோழியின் கணினியில் வந்த பாடங்களை நோட்டில் எழுதிவந்து படித்துக்கொண்டிருந்தாள். பாடத்தை எழுதி எடுத்துவிடலாம். மாதிரித் தேர்வை யார் வீட்டிலிருந்து எழுதி எடுத்துவர முடியும்? அது அவள் கணக்கில், அவள் கணினியில், சந்தனத்துக்குப் பின்னால் இருந்தது.

கார்த்திகையில் புது அலுவலர் வந்தார். பிரியதர்ஷினி என்று பெயர், சுறுசுறுப்பானவர். வந்த அன்றே பூஜை மேசையைப் பார்த்து, "என்ன இது?" என்றார். சொன்னார்கள். அவர் பழைய கருவிகளைத் தொடவில்லை. தொட்டால், முன்னவர் வாங்கியதைத் தான் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமே. பக்கத்து அறையில் புதிதாக ஒரு செட் கருவிகள் வாங்கிப்போட்டு, முன்னவர் வாங்காத அந்த மடிக்கணினியை மட்டும் அங்கே நகர்த்தி, மையத்தை மறுபடி திறந்தார். ஆக, ஒரே கட்டிடத்தில் ஒரே வேலைக்கு இரண்டு மையங்கள். ஒன்றில் பூஜை நடந்தது, இன்னொன்றில் எதுவும் நடக்கவில்லை. வேலை தெரிந்த ஆள் யாரும் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

அதற்கு ஹரீஷ்குமாரைப் பிடித்தார்கள். அவர் பிரவீனாவின் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், கபடிப் பயிற்சியில் கெட்டிக்காரர். விளையாட்டு ஆசிரியர் என்றால் சும்மா இருப்பவர் என்பது கல்வித்துறையின் அசைக்க முடியாத நம்பிக்கை. கிருஷ்ணகிரியில் அவருக்குப் பயிற்சி நடந்தது. பயிற்சியின் பெரும்பகுதி, பயிற்சி ஏன் அவசியம் என்பதைப் பற்றியே இருந்தது. கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சார்ஜர் சொருகும் துளையை எப்படி மாற்றுவது என்று மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சியாளர் கொண்டுவந்திருந்த உதிரிபாகம் அது ஒன்றுதான்.

ஆனால் அந்த ஒன்றை ஹரீஷ்குமார் மனம் வைத்துக் கற்றுக்கொண்டார், அதைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் காய்ந்த சந்தனத்தைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, புதுத் துளையைப் பொருத்தி, சார்ஜரைச் சொருகினார். விளக்கு எரிந்தது. அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டதாம். உடனே சின்னராஜுக்கு போன் போட்டார். "அண்ணா, எரியுதுண்ணா! வந்து எடுத்துக்குங்க!"

சின்னராஜ் மைசூர்பாக் டப்பாவோடு ஓடினார். மடிக்கணினி மேசையில் திறந்திருந்தது. திரையில் பிரவீனாவின் பெயர்கூடத் தெரிந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டும்போது பிரியதர்ஷினி மேடம் உள்ளே வந்தார்.

"ஒரு நிமிஷம். திங்கட்கிழமை சென்னையிலேர்ந்து குழு வர்றாங்க. நாம ரிப்பேர் பண்றத நேர்ல பாக்கணுமாம். அவங்க முன்னாடி ரிப்பேர் பண்ண ஒரு லேப்டாப் வேணுமே."

"மேடம், அந்த அலமாரி நெறைய இருக்குதுங்களே," என்றார் சின்னராஜ்.

அலமாரியில் கேட்பாரில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றில் திரை உடைந்திருந்தது, ஒன்றில் பேட்டரி உப்பியிருந்தது, ஒன்றில் தேங்காய்த் தண்ணீர் கொட்டியிருந்தது.

"வேலை செய்யாத லேப்டாப் நிறைய இருக்குங்க. ஆனா எங்களால வேலை செய்ய வைக்க முடிஞ்ச, வேலை செய்யாத லேப்டாப் இது ஒன்னுதான்," என்று பொறுமையாக விளக்கினார் மேடம். பிறகு ஹரீஷ்குமாரிடம், "சார், பழையபடி லூஸ் பண்ணி வச்சிடுங்க," என்றார்.

ஹரீஷ்குமார் சின்னராஜின் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மைசூர்பாக்கை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

சென்னைக் குழு வந்து பார்த்து வியந்து போனது. அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து மாவட்டத்து ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களுக்காக ஒருமுறை கழற்றி மாட்டினார் ஹரீஷ்குமார். டிவிக்காரர்கள் வந்தார்கள், கழற்றினார், மாட்டினார். கேமரா சரியாக ஓடவில்லை என்றதும் இன்னொரு முறை கழற்றினார். எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்து அதிகாரிகள் சிலரும் வந்தார்கள். அவர்களுக்குக் கன்னடத்திலேயே விளக்கி, மாலை மரியாதை செய்து, கழற்றி மாட்டினார்கள். விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் கைதட்டல் கேட்டது. விருந்தாளிகளின் வண்டி கிளம்பியதும் ஹரீஷ்குமார் மறுபடி உட்கார்ந்து அதைக் கெடுப்பார். சரிசெய்வதைவிடக் கெடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது என்று அவர் சின்னராஜிடம் சொன்னார். பார்க்கப் பழைய கோளாறு மாதிரியே இருக்க வேண்டுமே.

ஒருமுறை, பயனடைந்த மாணவி ஒருத்தி போட்டோவில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பிரவீனாவையே கூப்பிட்டார்கள். அவள் தலை சீவி, சீருடையை இஸ்திரி போட்டுப் போய் நின்றாள். விளக்கு எரிந்த மடிக்கணினியை அவள் கையில் கொடுத்தார்கள். போட்டோக்காரர் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், அவள் தன் கணக்கைத் திறந்து, மாதிரித் தேர்வுக்குள் போய், ஒரு கேள்விக்குப் பதில் போட்டுவிட்டாள். சரியான பதில் என்று பச்சை நிறத்தில் வந்தது. அடுத்த கேள்வியைப் படித்துக்கொண்டிருக்கும்போது, "சிரிங்க" என்றார்கள். சிரித்தாள். வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் போட்டோ அலுவலக வாசலில் பேனராகத் தொங்கியது. அந்தப் பக்கம் போகிற போதெல்லாம் சின்னராஜ் அதன் முன்னால் நின்றுவிடுவார். மகளின் கண் கேமராவைப் பார்க்கவில்லை, கீழே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் புரியாது. ஆனால் அதைப் பாதியில் பிடுங்கினது அவருக்குத் தாங்கவில்லை.

மேடத்தின் அறைக்கே போனார்.

"மேடம், பாப்பாவுக்கு டெஸ்ட்டெல்லாம் போயினே இருக்குதுங்க. ஒரு வாரம் குடுங்க போதும். எழுதிட்டு நானே கொண்டாந்து தரன். நீங்க அப்புறம் எத்தன தடவ வேணா கெடுத்துக்குங்க."

பிரியதர்ஷினி மேடம் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துத்தான் பேசினார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க கொஞ்சம் பெருசா யோசிக்கணும். அந்த லேப்டாப் உங்க வீட்டுல இருந்தா ஒரு பொண்ணு படிப்பா. இங்க இருந்தா, பொண்ணுங்க படிக்கிறதுக்காக நாங்க எவ்வளவு பாடுபடறோம்னு மாநிலமே பாக்குது. எது பெருசு, நீங்களே சொல்லுங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. சின்னராஜுக்கு மேசையைத் தட்டிக் கத்த வேண்டும் போலிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தவரிடம் எப்படிக் கத்துவது? "இங்க இருக்கறதுதாங்க பெருசு மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். ரோட்டுக்கு வந்ததும் தன்னையே அசிங்கமாகத் திட்டிக்கொண்டார்.

நுழைவுத் தேர்வுக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளியில் ஒட்டினார்கள். பிரவீனாவின் பெயர் இல்லை. சின்னராஜ் மறுபடி ஓடினார். இந்த முறை டீ வரவில்லை.

"மாதிரித் தேர்வு எதையும் உங்க பொண்ணு முடிக்கல," என்றார் மேடம்.

"லேப்டாப் உங்ககிட்டதான மேடம் இருக்குது?"

"ஆமா. அதனாலதான் முடிக்கல. காரணம் எங்களுக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான் உங்க மேல எந்த நடவடிக்கையும் எடுக்காம விட்டிருக்கோம்."

சின்னராஜ் வழக்கம்போல, "ரொம்ப நன்றிங்க மேடம்," என்றார். அது வாயில் தானாக வந்துவிட்டது.

தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை, அலுவலக வண்டி மூக்கண்டப்பள்ளி வழியாகவே போனது. பிரவீனா கதவைச் சாத்திக்கொண்டு துணி துவைத்தாள். துவைத்ததையே திரும்பத் துவைத்தாள். பூவம்மாள் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ முடிந்து மார்க் வந்தது. நல்ல மார்க்தான். ஏஜெண்ட் மறுபடி வந்தான். இந்த முறை சின்னராஜ் அடுத்த வீட்டைக் காட்டவில்லை.

வைகாசியில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பழுது நீக்கிய மடிக்கணினியை மாணவியிடம் ஒப்படைக்கும் விழா. பிரவீனாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்காததால் சின்னராஜ் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

மேடையில் இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். ஒன்றின் மேல் 'ஒப்படைப்பு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் மேல் 'திரும்பப் பெறுதல்' என்றிருந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மடிக்கணினியைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதியாம். பிரவீனா முடித்துவிட்டாள். ஆனால் ஒப்படைக்காத பொருளை எப்படித் திரும்பப் பெறுவது? அதனால் முதலில் ஒப்படைத்துவிட்டு, உடனே திரும்பப் பெறுவதாக ஏற்பாடு.

மேடம் மைக்கில் பேசினார். "நம் மையம் இந்த ஆண்டு பழுது நீக்க எடுத்துக்கொண்டது ஒரு மடிக்கணினி. பழுது நீக்கியதும் ஒரு மடிக்கணினி. ஆக, நூற்றுக்கு நூறு! இதை எந்தக் கடைக்காரனாவது செய்திருக்கிறானா?" எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சின்னராஜ் முதல் மேசையில் மடிக்கணினியை வாங்கிக்கொண்டார். அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி கிடந்தது. என்ன தோன்றியதோ, அதில் உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்தார். விளக்கு எரிந்தது. திரையில் மகளின் பெயர் வந்தது. 'வணக்கம் பிரவீனா. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்' என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, சீக்கிரம் வாங்க. சாப்பாட்டுக்கு நேரமாவுது," என்று இரண்டாவது மேசையிலிருந்து கண்காணிப்பாளர் கூப்பிட்டார். போய்க் கொடுத்தார். கண்காணிப்பாளர் அதைத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஸ்க்ரூவெல்லாம் தேஞ்சி போயிருக்கே! ஸ்டிக்கரக் காணோமே! வூட்ல கழட்டிப் பாத்தீங்களா?"

சின்னராஜ் ஹரீஷ்குமாரைப் பார்த்தார். ஹரீஷ்குமார் தன் ஷூவைப் பார்த்தார். கண்காணிப்பாளர் பெரிய மனது பண்ணி, 'கவனக்குறைவான பயன்பாடு, இம்முறை மன்னிக்கப்பட்டது' என்று எழுதி, அதன் கீழே சின்னராஜைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார். கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள்.

சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய்க் காத்திருந்தார். பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு பிரவீனா கடைசியாக இறங்கினாள். காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள்.

"குடுத்தாங்களாப்பா?"

"குடுத்தாங்க பாப்பா."

"ஓடுச்சா?"

"நல்லா ஓடுச்சி. உம் பேரு கூட வந்துச்சி."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அவர் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தாள். அதில் கேசரிப் பொட்டலம் மட்டும்தான் இருந்தது. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவர் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"வாப்பா, வூட்டுக்குப் போலாம். நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்."